நாணயத்தின் இருபுறமும்

உரோம வெண்கல நாணயங்களில் கிறிஸ்தவச் சின்னங்கள் இடம்பெற்றதைத் திருச்சபையின் வெற்றிக்குச் சான்றாகப் பிரசங்கத்திலும் வகுப்பறையிலும் எடுத்துரைப்பது நம்மிடையே வழக்கமாயுள்ளது. அடியேனும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்ததுண்டு. எனினும் அச்சான்று எதை மெய்ப்பிக்கிறது என்பதை ஆராய்தல் நம் கடமையாகும்.

கி.பி. 327இல் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட வெண்கல நாணயமொன்றில், பாம்பை ஊடுருவி நிற்கும் கொடிக்கம்பத்தின் உச்சியில் கிறிஸ்துவின் பெயர்க்குறி சிறிதாகக் காணப்படுகிறது. கி.பி. 352-353இல் காலியா நாட்டில் மாக்னென்தியு வெளியிட்ட பெரிய வெண்கல நாணயத்திலோ, கிறிஸ்து என்னும் கிரேக்கப் பெயரின் முதலிரு எழுத்துகளாகிய கையும் ரோவும் பின்னிப் பின்புறம் முழுவதையும் நிரப்புகின்றன. இருமருங்கிலும் அல்பாவும் ஓமெகாவும் உள்ளன. காண்போர் உள்ளத்தைக் கவரும் வடிவம் இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதை வெளியிட்டவர் யார்? கி.பி. 350இல் கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்தன்ஸ் கொல்லப்பட, ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவரே மாக்னென்தியு. அவர் அனுமதித்திருந்த இரவுப் பலிகளை கி.பி. 353இல் கான்ஸ்தந்தியு சட்டமியற்றி நீக்கினார். கிறிஸ்துவின் பெயரைப் பொறித்த கையே புறச்சமயப் பலிகளுக்கும் இடமளித்தது.

சின்னத்தைச் சுற்றியுள்ள வாசகம் மேலும் கவனத்திற்குரியது. ‘நம் ஆண்டவர்களாகிய அகஸ்துவுக்கும் சீசருக்கும் நலம்’ என்பது அதன் பொருள். நலம் எனக் குறிக்கும் ‘சாலூஸ்’ என்ற சொல்லே இலத்தீன் வேதாகமத்தில் இரட்சிப்பையும் குறிக்கிறது. இங்கு ஆண்டவர் என்பது கிறிஸ்துவையன்று; மாக்னென்தியுவையும் அவர் உறவினரான தெசென்தியுவையுமே குறிக்கிறது. இரட்சகரின் பெயர் ஆள்வோரின் நலத்திற்குக் காவலாக நிறுத்தப்பட்டுள்ளது.

அல்பாவும் ஓமெகாவும் ஆரியக் கொள்கையை ஆதரித்த கான்ஸ்தந்தியுவுக்கு எதிரான நிசேயா விசுவாச அறிக்கை என்று கொள்வோர் உளர். அக்கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் டிரியர் நகரம் மாக்னென்தியுவைக் கைவிட்டபோது, அந்நகர நாணயச்சாலை அதே பெயர்க்குறியைக் கான்ஸ்தந்தியுவின் பெயரால் பொறித்தது. பகைவர் இருவருக்கும் ஒரே சின்னம் பயன்பட்டதெனின், அதனை விசுவாச அறிக்கை என்பதிலும் அதிகார முத்திரை என்பதே பொருந்தும். கி.பி. 353 ஆகஸ்டில் மாக்னென்தியு லியோன் நகரில் தற்கொலை செய்துகொண்டார். அவர் நாடிய ‘நலம்’ அவருக்குக் கிட்டவில்லை.

வரிப்பணத்தைக் கையிலெடுத்த நம் ஆண்டவர், அதிலுள்ள சொரூபமும் மேலெழுத்தும் யாருடையவை என்று வினவினார் (மாற்கு 12:16). அவ்வினாவை இந்நாணயத்திடமும் எழுப்பவேண்டும். மாணவருக்கு இதன் படத்தைக் காட்டும் ஆசிரியர் பெயர்க்குறியுள்ள பக்கத்தோடு நின்றுவிடலாகாது. மறுபுறத்தில் உள்ள அரசனின் முகத்தையும் காட்டவேண்டும். ஒரு சின்னம் எங்கும் பரவியதைக் கொண்டு கிறிஸ்துவின் ஆட்சி பரவியதென முடிவுகட்டும் பழக்கம், நம் பணித்தளங்களிலும் நம்மை ஏமாற்றக்கூடியதே.