டார்ச் பல்பில் காணாமல் போன 5 ஓம்

தமிழ்நாடு பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், மின்னோட்டவியல் பாடத்தின் முடிவில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு டார்ச் பல்பின் அளவு 3 வோல்ட், 600 மில்லி ஆம்பியர். அதன் திறன் என்ன, மின்தடை என்ன, 4 மணி நேரம் எரிந்தால் செலவாகும் ஆற்றல் என்ன? பெருக்கினால் 1.8 வாட். வகுத்தால் 5 ஓம். ஆற்றல் 7.2 வாட் மணி. அரை நிமிஷ வேலை, மார்க்கும் சுளையாக வரும்.

அக்கா பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. கணக்கைப் போட்டு முடித்த கையோடு என் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனவள், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். “மாமா, உங்க மீட்டர் ரிப்பேர். 5 வரணும், 0.7 காட்டுது.”

மீட்டர் சரியாகத்தான் இருந்தது. இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் 0.3 ஓம்; அது ஒயரின் கணக்கு. கழித்தால் பல்புக்கு மிஞ்சுவது 0.4 ஓம். புத்தகம் சொல்வதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என்னை உறுத்தியது அந்த எண் இல்லை. புத்தகமும் மீட்டரும் முரண்பட்டதும், ஒரு விநாடிகூட யோசிக்காமல் அவள் மீட்டரைத்தான் சந்தேகித்தாள்.

நடந்தது இதுதான். பல்பின் இழை டங்ஸ்டன். எரியும்போது அது இரண்டாயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகிறது. அந்தச் சூட்டில் அதன் மின்தடை, அறை வெப்பநிலையில் இருப்பதைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு. மீட்டர் அளந்தது அணைந்த பல்பை. புத்தகம் கேட்டது எரிகிற பல்பை, ஆனால் ‘எரியும்போது’ என்ற ஒரு வார்த்தையை அது சொல்லவில்லை.

சரி, எரியவிட்டே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். (இழை பல்பு வைத்த டார்ச் இப்போது யாரிடம் இருக்கிறது? தேரடி வீதிப் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு பழைய ஹார்ட்வேர் கடையில்தான் பல்பு கிடைத்திருந்தது. “தீபத்துக்கு சீரியல் செட் வேணும்னா சொல்லுங்க, இதையெல்லாம் யாரு சார் கேக்கறா” என்றார் கடைக்காரர்.) ஒரு பேட்டரி செல் போட்டபோது பல்பின் குறுக்கே 1.4 வோல்ட், மின்னோட்டம் 0.39 ஆம்பியர். வகுத்தால் 3.6 ஓம். இரண்டு செல் போட்டபோது 2.8 வோல்ட், 0.57 ஆம்பியர். வகுத்தால் 4.9 ஓம். வோல்ட் சரியாக இரண்டு மடங்கானது, ஆம்பியர் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. அதாவது இந்தப் பல்பு ஓம் விதிக்குக் கட்டுப்படவில்லை.

என் விமர்சனம் இங்கேதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது மின்தடை என்பது ஒரு வரையறை. எந்தப் பொருளுக்கும், எந்த நிமிஷத்திலும் வகுத்துக்கொள்ளலாம். அந்த ஈவு மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி, அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. இரண்டையும் பாடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறது. நியாயமாகச் சொன்னால், ‘மாறாத வெப்பநிலையில்’ என்ற நிபந்தனை விதியில் இருக்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடமும் செய்கிறார்கள். ஆனால் கணக்கு என்று வந்ததும், வீட்டில் இருக்கும் பொருள்களிலேயே அந்த நிபந்தனையை மோசமாக மீறுகிற ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்! அதே பாடத்தில் இஸ்திரிப் பெட்டிக் கணக்கும் உண்டு. அதன் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் கொஞ்சம்தான் ஏறும். அதை வைத்து மின்தடையைக் கேட்டிருந்தால் குழப்பமே இல்லை.

ஜார்ஜ் ஓமுக்கு வெப்பநிலை சின்ன விஷயமாக இருக்கவில்லை. அன்றைய மின்கலங்கள் நிலையாக மின்சாரம் தராததால், 1826-இல் அவர் பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த வெப்ப இரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு முனை கொதிநீரில், மறு முனை பனிக்கட்டியில். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த விதி அது.

சூட்டை மறந்தால் திறனும் தப்பாகும். மின்தடை மாறாது என்று வைத்துக்கொண்டால், ஒற்றை செல்லில் திறன் நாலில் ஒரு பங்காகியிருக்க வேண்டும். எங்கள் அளவில் 1.6 வாட் 0.55 ஆனது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ‘டப்’பென்று போனதற்கும் இதுதான் காரணம். 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது 40 ஓம் பக்கம்தான். அந்த முதல் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் அரை ஆம்பியருக்குக் கீழே இல்லை, ஐந்து ஆம்பியருக்கு மேல்.

இன்றைய எல்இடி பல்பில் பெருக்கல்கூட நேராக வராது. பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் என் 9 வாட் பல்பு 0.07 ஆம்பியர் காட்டுகிறது. 230-ஆல் பெருக்கினால் 16 வருகிறது. மாறுதிசை மின்சாரத்தில் அலை வடிவமும் கணக்கில் சேர்வதால் வரும் வித்தியாசம் அது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

“அப்போ பரீட்சையில என்ன எழுதறது மாமா?”

“5 ஓம்னே எழுது. பக்கத்துல ‘எரியும்போது’ன்னு போட்டுடு.”

“அதுக்கு மார்க் கொறச்சுட்டா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தாலே போதும், அவள் தங்கைக்கு இந்தக் கேள்வி வராது.

செய்து பார்ப்பவர்களுக்கு: ஆம்பியர் அளக்கும்போது மீட்டர் ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். பக்கத்துத் துளை 200 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். என் மீட்டரில் அந்த ஃபியூஸ் போய், இன்னும் மாற்றவில்லை.