தீராக் கடன்: சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்', 'சுதந்திர தாகம்' – ஓர் ஒப்பாய்வு

தோற்றுவாய்

புனைகதை ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாளில் பல கதைகளை எழுதுகிறார். அவற்றுள் பெரும்பாலானவை எழுதி முடிந்ததும் அவர் உள்ளத்தை விட்டு நீங்குகின்றன. ஒரு சில மட்டும் நீங்குவதில்லை. எழுதாத வரையில் அவை அமைதி தருவதில்லை. எழுதிய பின்னரும் முடிந்தனவாகத் தோன்றுவதில்லை. இத்தகைய கதையை ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் விடாது பற்றி நிற்கும்போது, அந்தப் பற்று நூலுக்கு ஆக்கமாகிறதா, சுமையாகிறதா? நெடுங்காலம் உழைத்து எழுதப்பெற்றது என்பதே ஒரு நூலின் தகுதிக்குச் சான்றாகுமா? இவ்வினாக்களுக்கு விடை காணுதற்கு மதுரை மண்ணைச் சார்ந்த சி. சு. செல்லப்பாவின் (1912–1998) இரு நூல்கள் பெரிதும் துணை செய்கின்றன. ஒன்று, 1959-இல் வெளிவந்த 'வாடிவாசல்'. மற்றொன்று, 1997-இல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'சுதந்திர தாகம்'. முன்னது நூறு பக்கங்களுக்கும் குறைந்தது. பின்னது ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு பக்கங்கள் கொண்டது. அளவால் இத்துணை வேறுபட்ட இரு நூல்களும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதும், அவ்வேரை அறிந்தாலன்றி இரண்டாவதன் நிறையும் குறையும் விளங்கா என்பதும் நம் கருத்து.

நிலமும் ஆசிரியரும்

பழைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று திண்டுக்கல் மாவட்டத்துள் அடங்குவதுமாகிய வத்தலக்குண்டு, தமிழ்ப் புனைகதை வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமய்யர், 'மணிக்கொடி' வளர்த்த பி. எஸ். ராமையா, 'எழுத்து' நடத்திய செல்லப்பா ஆகிய மூவரும் இவ்வூரினர். செல்லப்பா மதுரைக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் இயக்கத்தில் தோய்ந்து 1941-இல் தனிநபர் அறப்போரில் சிறை சென்றவர். 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்களை வெளியிட்டார். புதுக்கவிதைக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் அவ்விதழ் ஆற்றிய தொண்டு அறிஞர் பலரால் ஆராயப்பெற்றுள்ளது. ஈண்டு விரித்தல் வேண்டா.

நாம் கருத வேண்டுவது ஒன்று. நூலை அலசி ஆராயாமல் ஆசிரியரின் பெயராலோ படிப்பவரின் உணர்ச்சியாலோ மதிப்பிடுதல் கூடாது என்று 'எழுத்து' வாயிலாக இடைவிடாது வற்புறுத்தியவர் செல்லப்பா. ஆதலின், அவருடைய முதுமையையும் தியாகத்தையும் எண்ணி 'சுதந்திர தாக'த்தைப் போற்றுவது, அவர் வகுத்த நெறிக்கே மாறாகும். அந்நெறி வழுவாமல் அவரை அணுகுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

வாடிவாசல்: தந்தையின் கடன்

'வாடிவாசல்' ஒரே ஒரு பிற்பகலின் கதை. பெரியபட்டியில் நடைபெறும் செல்லாயி சல்லிக்கட்டுக்குப் பிச்சி என்னும் இளைஞனும் அவன் மைத்துனன் மருதனும் வருகின்றனர். வாடிவாசலருகே நிற்கும் முதியவர் ஒருவர் பழைய மாடுபிடி வீரரைப் பற்றிப் பேசுகையில் அம்புலியின் பெயர் எழுகிறது. அம்புலியின் சாவுக்குக் காரணமான காரிக்காளை இன்று ஜமீன்தாரின் உடைமை. பிச்சி அந்த அம்புலியின் மகன்.

இந்நூலைப் படிப்போர் பலர் முல்லைக்கலியை நினைவுகூர்வர். ஏறு தழுவுதல் இரண்டிற்கும் பொதுவாதலின் அது இயல்பே. ஆயினும் வேறுபாடே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. முல்லைக்கலியில் ஏறு தழுவியவன் பெறுவது ஆயர்மகளின் தோள். அது வரப்போகும் வாழ்வை நோக்கிய செயல். பிச்சி பெற விழைவது எதுவுமில்லை. இறந்து போன ஒருவனுக்கு அவன் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆகவே செயல் ஒன்றேயாயினும் உரிப்பொருள் வேறு. புறத்திணை நூலார் 'மூதின்முல்லை' என்று ஒரு துறை வகுத்தனர். மறக்குடியின் இயல்பைக் கூறுவது அது. பிச்சியின் கதை ஆயர் தொழுவில் நிகழினும் இத்துறைக்கே நெருங்கியது.

கதையின் முடிவு இன்னும் நுட்பமானது. பிச்சி காரியை அடக்குகிறான், தானும் காயமுறுகிறான். தந்தையின் கடன் தீர்ந்தது. கதை அங்கே முடிந்திருந்தால் இது பழிதீர்த்த வீரனின் கதையாக மட்டும் நின்றிருக்கும். செல்லப்பா அங்கே முடிக்கவில்லை. தோற்ற காளை வெறிகொண்டு ஆற்றுப்பக்கம் ஓடுகிறது. தன் மதிப்பை அக்காளையின்மேல் ஏற்றி வைத்திருந்த ஜமீன்தார் அதனைச் சுட்டு வீழ்த்துகிறார். வென்றவனை நோக்கியிருந்த நம் கண் தோற்ற விலங்கின்பால் திரும்புகிறது. ஒரு கடன் தீர்ந்த இடத்தில் மற்றொன்று தோன்றிவிடுகிறது. பிச்சியின் வெற்றி உண்மையில் யார்மீது பெற்ற வெற்றி? காளைக்கு அவன்மேல் பகை உண்டோ? இவ்வினாக்களை ஆசிரியர் எழுப்புவதுமில்லை, விடை கூறுவதுமில்லை. நிகழ்ச்சியை மட்டும் வைத்து விலகிவிடுகிறார். இங்குள்ள அடக்கமே இந்நூலின் கலை.

2017-இல் சல்லிக்கட்டுக்காகத் தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னர், பண்பாட்டு ஆவணம் என்னும் முறையில் இந்நூலைப் படிப்போர் பெருகினர். காளையின் வகைகள், பிடிக்கும் முறைகள், வட்டாரப் பேச்சு ஆகியவை இதில் நுணுக்கமாக அமைந்துள்ளமையின் அப்படிப்பும் பொருந்துவதே. ஆயினும் அவை யாவும் கருப்பொருள். உரிப்பொருள் மகனின் கடனே என்பதை மறத்தல் கூடாது.

சுதந்திர தாகம்: சான்றோனின் கடன்

'சுதந்திர தாகம்' 1927 முதல் 1934 வரையுள்ள காலத்தைக் களமாகக் கொண்டது. இவ்வெல்லையை வெறும் வரலாற்று எல்லையாகக் கொள்ளுதல் போதாது. 1912-இல் பிறந்த செல்லப்பாவுக்கு 1927-இல் வயது பதினைந்து, 1934-இல் இருபத்திரண்டு. ஓர் இளைஞன் உலகை முதன்முதலாகத் தன் கண்ணால் காணும் பருவம் முழுவதும் அப்படியே நாவலின் காலமாகியிருக்கிறது. 1927-இல் சென்னையில் நிகழ்ந்த நீல் சிலை அறப்போர், 1928-இல் சைமன் குழுப் புறக்கணிப்பு, 1930-இல் உப்பு அறப்போர், 1934-இல் சட்டமறுப்பு இயக்கத்தின் நிறுத்தம் ஆகியவை அக்காலத்தின் எல்லைக்கற்கள். 1921-இல் காந்தியடிகள் தம் உடையைக் குறைத்து அரையாடை பூண்ட மதுரை நகரில், அவ்வியக்கத்தின் அடுத்த அலை எளிய மாந்தரின் வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் எவ்வாறு புகுந்தது என்பதே செல்லப்பா காட்ட விழைந்த பொருள்.

கதை முடியும் 1934-க்கும் நூல் வெளிவந்த 1997-க்கும் இடையே அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. இடையில் நாடு விடுதலை பெற்றது. ஆசிரியர் சிறுகதை எழுதினார், இதழ் நடத்தினார், திறனாய்வு செய்தார். ஆயினும் அந்த ஏழாண்டுகள் அவரை விடவில்லை. எண்பத்தைந்தாம் அகவையில் தம் எழுத்துப் பிரசுரத்தின் வாயிலாகத் தாமே நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு திசம்பரில் மறைந்தார். 2001-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசு அவர் மறைவுக்குப் பின்னரே இந்நூலுக்கு வழங்கப்பெற்றது.

இவ்விடத்தில் நூலின் பெயரும் முடிவும் உற்றுநோக்கத்தக்கன. நாடு விடுதலைப் பொன்விழாக் கொண்டாடிய ஆண்டில் வெளிவந்த விடுதலைப் போர் நாவல், 1947-இல் முடியவில்லை. இயக்கம் ஓய்ந்த 1934-இல் முடிகிறது. பெயரும் 'சுதந்திரம்' என்றில்லை. 'தாகம்' என்றே நிற்கிறது. தணியாத தாகத்தைச் சொல்லும் கதைக்கு வெற்றி நாள் பொருந்தாது என ஆசிரியர் உணர்ந்திருத்தல் வேண்டும். காரியை அடக்கிய நொடியில் முடியாத 'வாடிவாச'லும், விடுதலை நாள் வரை செல்லாத 'சுதந்திர தாக'மும் இவ்வகையில் ஒன்றே. இரண்டும் வெற்றியின் நிறைவை மறுக்கின்றன. இரண்டிலும் உயிரோடு எஞ்சியவன், போனவர்க்குத் தான் பட்ட கடனை எண்ணுகிறான். பிச்சிக்கு அக்கடன் தந்தையொருவனுக்கு. செல்லப்பாவுக்கோ, பெயர் பதிவாகாமல் போன எண்ணற்ற தொண்டர்க்கு.

அளவு வேறுபாட்டின் காரணமும் இதனால் விளங்கும். ஒருவனுக்குப் பட்ட கடனை ஒரு பிற்பகலில் தீர்க்கலாம். பலர்க்குப் பட்ட கடனை எந்த ஒரு செயலாலும் தீர்க்க இயலாது. ஒவ்வொருவரையும் சொல்லியாக வேண்டும். வத்தலக்குண்டுக்கு மேற்கே, வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பெற்றன. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலைக் குறிப்பிடுகிறது. அந்நிலத்து மாந்தர் பட்டவனை மறவாதிருக்கக் கல் நட்ட மரபினர். 'வாடிவாசல்' ஒரு நடுகல். 'சுதந்திர தாகம்' கல் நட்டுக்கொண்டே செல்லும் முயற்சி.

குறையும் அதன் தோற்றமும்

இனி, நூலின் குறையைக் கூறாது விடுதல் நேர்மையன்று. 'சுதந்திர தாக'த்தில் நிகழ்ச்சிகளின் நிரல் பாத்திரங்களின் அகவாழ்வை விஞ்சி நிற்கிறது. வரலாற்றுச் செய்தி முன்னே செல்ல, மாந்தர் அதன்பின் செல்கின்றனர். 'வாடிவாச'லில் ஒரு சொல்லுக்கு இருந்த அழுத்தம் இங்கே ஒரு பத்திக்கும் சில இடங்களில் இல்லை. ஒரு பெண்ணின் மன ஓட்டத்திலேயே கதை முழுவதையும் அமைத்து 'ஜீவனாம்சம்' எழுதிய ஆசிரியர்க்கு அகவாழ்வைத் தீட்டும் ஆற்றல் இல்லை என்று சொல்லுதல் இயலாது. ஆற்றல் இருந்தும் அதனை அவர் ஒதுக்கினார் என்பதே உண்மை.

ஏன் ஒதுக்கினார்? இதற்கு விடை காணப் பிறர் நூல்கள் சிலவற்றை நோக்குவோம். தால்சுதாய் 1856-இல் நாடு திரும்பும் திசம்பர்ப் புரட்சியாளன் ஒருவனைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவன் வாழ்வை விளக்க 1825-க்கும், அதனை விளக்க 1812-க்கும், அதனையும் விளக்க 1805-க்கும் பின்னோக்கிச் சென்றார். 'போரும் அமைதியும்' அவ்வாறு பிறந்தது. அங்கும் கதை ஆசிரியரை விடாது இழுத்தது. ஆயினும் அக்காலம் அவர் பிறப்பதற்கு முற்பட்டது. கண்டதில்லை ஆதலின் அவர் கற்பித்தாக வேண்டும். கற்பித்ததனால் மாந்தர் உயிர்பெற்றனர். நம் நாட்டில் கல்கி 'அலை ஓசை'யை 1948–49-இல், விடுதலையின் சூடு ஆறுமுன் எழுதினார். காதலையும் குடும்பத்தையும் பின்னி வரலாற்றைப் பெருந்திரளான வாசகர்க்கு உரியதாக்கினார். நா. பார்த்தசாரதியும் 'ஆத்மாவின் ராகங்கள்' நூலில் மதுரைப் போராட்டத்தைக் காதலோடு இயைத்தார்.

செல்லப்பா இவ்விரு வழிகளையும் ஏற்கவில்லை. கண்டவர் ஆதலின் கற்பிக்க அவர் கூசினார். கடன்பட்டவர் ஆதலின் சுவைக்காகக் காதலைப் பின்னவும் கூசினார். சான்று சொல்ல வந்தவன் தன் சொல்லை அழகுபடுத்தினால், கேட்போர் அதனை ஐயுறுவர் என்னும் அச்சம் நூல் முழுவதும் தொழிற்படுகிறது. எனவே இங்குக் காணும் குறை கலைத்திறன் இன்மையால் நேர்ந்ததன்று. நாணயத்தின் மிகுதியால் நேர்ந்தது. ஆயினும் காரணம் உயர்ந்தது என்பதால் குறை குறையாகாமல் போகாது. 'வாடிவாச'லை எழுதியபோது அவர் எதைச் சொல்லாது விட வேண்டும் என்று அறிந்திருந்தார்; பிச்சியின் கடன் பிச்சியுடையதாக இருந்தமையால் அவ்விடைவெளி வாய்த்தது. 'சுதந்திர தாக'த்தில் கடன் ஆசிரியருடையதே. எதனை விட்டாலும் ஒருவனை மறந்ததாகும் என்று அஞ்சுபவனால் எதனையும் விட இயலாது.

இக்குறையின் மறுபக்கத்தில் ஒரு பேறும் உண்டு. தலைவர்களின் வரலாறு பல ஏடுகளில் உள்ளது. ஒரு மாவட்டத்து இளைஞன் ஒருவன் எதைப் படித்து, யாரோடு பேசி, எவ்வகை அச்சத்தையும் வீட்டாரின் எவ்வகைத் தடையையும் கடந்து இயக்கத்துக்கு வந்தான் என்பதை அறிய அவ்வேடுகள் உதவுவதில்லை. பெருநிகழ்ச்சி ஒன்று சிற்றூரை எட்டுவதற்குள் செய்தியாகி, வதந்தியாகி, பேச்சாகி, முடிவில் செயலாகும் வழியை இந்நாவல் பொறுமையோடு காட்டுகிறது. கற்பித்து எழுதியவர் எவரும் இதனை இவ்வளவு நம்பத்தக்க முறையில் தந்திலர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். ஆசிரியரை விடாத கதை என்பது நிகழ்ச்சியின் கவர்ச்சியால் விளைவதன்று. தீராத கடனால் விளைவது. அக்கடன் பாத்திரத்தினுடையதாக அமையும்போது, ஆசிரியர் விலகி நின்று வடிவத்தை ஆள்கிறார். தம்முடையதாக அமையும்போது, வடிவத்தைக் கடன் ஆள்கிறது. விடாமுயற்சி நூலுக்குக் கனம் தரும், எல்லையைத் தருவதில்லை. எல்லையை ஆசிரியரே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

இன்று 'வாடிவாசல்' பலராலும் படிக்கப்படுகிறது. 'சுதந்திர தாகம்' பரிசு பெற்ற பின்னரும் பெரும்பாலும் பெயரளவிலேயே அறியப்படுகிறது. முன்னதை மட்டும் பயிலும் மாணவர் செல்லப்பாவின் கலையை அறிவர். அக்கலையை அவர் எதன்பொருட்டுத் துறக்கத் துணிந்தார் என்பதை அறியார். மதுரை மண்ணில் தமிழ் பயில்வோரேனும் இரண்டையும் ஒருசேரப் படித்தல் வேண்டும். ஒன்றில் மகன் தந்தையின் கடனைத் தீர்க்கிறான். மற்றொன்றில் முதியவர் ஒருவர் தம் இளமைக்காலத் தோழர்க்குப் பட்ட கடனைத் தீர்க்க முயன்று, தீராது என அறிந்தும் கணக்கை எழுதி வைத்துச் செல்கிறார். முன்னது நிறைவுடைய நூல். பின்னது நிறைவுறாதது, ஆயினும் அது வேறு எவரும் எழுதியிருக்க இயலாத நூல்.