உதிரிப் பாடல்களும் தொகுப்பு முறையும்

அமெரிக்கப் பாடலாசிரியர் டாம் வெய்ட்ஸ் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஆர்ஃபன்ஸ்’ (அநாதைகள்), திரைப்படம், நாடகம், பிறர் தொகுப்புகள் ஆகியவற்றில் சிதறிக் கிடந்த பாடல்களையும் புதிய பதிவுகளையும் மூன்று குறுந்தட்டுகளில் திரட்டித் தருகிறது. பாடல்கள் கால வரிசையில் அமையவில்லை. முரட்டுப் பாடல்கள், புலம்பல்கள், எவ்வகையிலும் அடங்காதவை என மூவகைப்பட்டுள்ளன. ஐங்குறுநூறு திணைவழித் தொகுக்கப்பட்டதை இம்முறை நினைவூட்டும்.

இதனால் ஒவ்வொரு பாடலும் பிறந்த சூழல் பின்னுக்குச் செல்கிறது. ஆய்வாளருக்கு இஃது இழப்பே. எனினும் மூன்றாம் தட்டு அவ்விழப்பை ஈடுசெய்கிறது. பிரெக்டின் நாடகப் பாடலும் புகோவ்ஸ்கியின் கவிதையும் பேச்சுவடிவக் கதைகளும் அங்கு அருகருகே நிற்கையில், பாடகரினும் கதைசொல்லியே மேலோங்குகிறார். தனித்தனி இசைத்தட்டுகளில் இவ்வியல்பு இத்துணைத் தெளிவாகப் புலப்பட்டதில்லை. அவ்வகையில் இத்தொகுப்பு ஒரு திறனாய்வுமாகும் எனலாம்.