கத்தும் பின்கதவுக் கண்ணாடி: சிலிக்கோன் ஸ்பிரே வாயை அடைக்குமா?

பத்து வயதைத் தாண்டிய காரில் பின்கதவுக் கண்ணாடி 'கீச்'சென்று கத்த ஆரம்பித்தாலே, "மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் மோட்டார் மேல் தப்பு இருக்காது. கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் சேனல் காய்ந்து, மண் அப்பிப் போயிருக்கும். இதற்கு மருந்தாக உதிரிபாகக் கடைகளில் எடுத்துக் கொடுப்பது சிலிக்கோன் ஸ்பிரே. 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பழைய ஹேட்ச்பேக் ஒன்றின் இரண்டு பின்கதவுகளிலும் அடித்துப் பார்த்தேன்.

சத்தம் எங்கிருந்து?

சேனல் ரப்பரின் உள்பக்கத்தில் வெல்வெட் மாதிரி மெல்லிய இழை ஒட்டியிருக்கும். கண்ணாடி வழுக்கிப் போவது அதன்மேல்தான். இழை தேய்ந்துவிட்டால் வெறும் ரப்பர் கண்ணாடியைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை இது நடப்பதால்தான் கீச்சொலி. வயலின் தந்தியை வில் பேசவைப்பதும் இப்படித்தான். பல கார்களில் சக்கர வளைவுக்கு இடம்விட்டுப் பின்கதவுக் கண்ணாடியை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு செங்குத்துப் பட்டை வைத்திருப்பார்கள். அதற்குள்ளும் ஒரு சேனல் உண்டு. பின்கண்ணாடியை நாம் அடிக்கடி இறக்குவதும் இல்லை. தூசி நிம்மதியாகக் குடியேறிவிடுகிறது.

ஸ்பிரே வாங்கும் முன் ஒரு சோதனை. கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஏற்றி இறக்குங்கள். சத்தம் குறைந்தாலோ மாறினாலோ கோளாறு ரப்பரில். கதவுக்குள்ளிருந்து 'கடகட' என்று வந்தால் அது கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர். அதற்கு டோர் பேடைக் கழற்றி, உலோகத் தண்டவாளத்தில் வெள்ளை லித்தியம் கிரீஸ் பூச வேண்டும்; இந்த ஸ்பிரே அங்கே வேலைக்கு ஆகாது.

இடது, வலது

இடது கதவில் எதையும் துடைக்காமல், கேனோடு வரும் மெல்லிய குழாயைச் சேனலுக்குள் விட்டு நேரடியாக அடித்தேன். சத்தம் அப்போதே நின்றது. கண்ணாடி ஏறும் வேகமும் கூடியது. ஆனால் சில வாரங்களில், மேல் விளிம்பை நெருங்கும்போது முனகல் மெதுவாகத் திரும்பியது.

வலது கதவில் முதலில் சுத்தம். பிளாஸ்டிக் ஸ்கேலில் ஈரத்துணியைச் சுற்றிச் சேனலுக்குள் விட்டு இழுத்தால், தார் மாதிரி கருப்புக் குழம்பு வந்தது; விரலால் தேய்த்தால் நறநறவென்று மணல். துணி வெளுப்பாக வரும்வரை இழுத்து, நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகு ஸ்பிரே. இதுவரை சத்தமே இல்லை. கண்ணாடியின் உள்பக்க ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2012-ல் சன் ஃபிலிமுக்குத் தடை போட்டபோது பிய்த்தெறிந்த ஃபிலிமின் பசை, பழைய கார்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதுவும் ரப்பரைப் பிடித்து இழுக்கும்.

மாற்று உண்டா?

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்க வேண்டாம். தூசியை இழுத்து ஒட்டவைக்கும். சேனலுக்குப் பரவலாகப் பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பவும் செய்யும். டபிள்யூ.டி-40 என்பது 1953-ல் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவாக்கிய திரவம். இறுகிய போல்ட்டுக்குச் சரி. அதிலுள்ள கரைப்பான் ஆவியானபின் ரப்பருக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. சிலிக்கோன் இந்த ரப்பரை அரிப்பதில்லை, நம் ஊர் வெயிலுக்கும் உருகி ஓடாது.

குறைகள்

ஸ்பிரே கட்டுக்கடங்காமல் தெறிக்கிறது. கண்ணாடியில் பட்டால் மங்கலான படலம். துடைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பின்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு அடிப்பது நல்லது. பிரேக் பக்கம் போகவே கூடாது. பெயின்ட் அடிக்கத் தரப்போகும் காரில் இதைத் தொடாதீர்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். தீப்பற்றும் சமாச்சாரம் என்பதால் திறந்த வெளியில்தான் வேலை.

தீர்ப்பு

வாங்கலாம். ஆனால் பாதிக்கு மேல் வேலை செய்வது ஸ்கேலும் துணியும்தான். சுத்தம் செய்யாமல் அடித்தால் பணம் தண்டம். இழை முழுக்கப் போய் ரப்பர் பளபளவென்று தெரிந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ ஸ்பிரேயையும் விட்டுவிட்டுப் புதுச் சேனல் ரப்பர் போட்டுவிடுங்கள். ஸ்பிரேயும் புது ரப்பரும் பலிக்காதபோதுதான் மோட்டாரைப் பற்றி மெக்கானிக்கிடம் பேச வேண்டும்.