வலியை வரவழைக்கும் விரல்

39 வாரம் முடிந்த பெண்ணை உள்பரிசோதனைக்குப் படுக்க வைக்கிறார்கள். "காலை அகட்டி வைம்மா, மூச்சை நல்லா இழுத்து விடு, இடுப்பைத் தூக்காதே" என்று திரைக்குள்ளிருந்து குரல் கேட்கிறது. வழக்கமாகச் சில விநாடிகளில் முடிகிற சோதனை இந்த முறை கொஞ்சம் நீள்கிறது. அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. கையுறையைக் கழற்றியபடியே டாக்டர் சொல்கிறார்: "லேசாக் கிளறி விட்டிருக்கேன். ரெண்டு நாள்ல வலி வந்துடும். கொஞ்சம் ரத்தம் பட்டா பயந்துடாதே." தன் உடம்பில் என்ன செய்தார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குச் செய்து முடித்த பிறகுதான் தெரிகிறது. இந்த அளவுக்குக்கூடச் சொல்லப்படாமல் வீட்டுக்குப் போய், உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு.

செய்தது மெம்பரேன் ஸ்வீப்பிங். கருப்பை வாய்க்குள் விரலை விட்டு, பனிக்குடத்தின் உறை கருப்பையின் கீழ்ச்சுவரோடு ஒட்டியிருக்கும் இடத்தில் வட்டமாகச் சுழற்றிப் பிரித்து விடுவார்கள். பிரிகிற இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. கருப்பை வாயை இளக்குவதும் சுருக்கங்களைத் தூண்டுவதும் அதன் வேலை. வலி வருவதற்கு வைக்கிற ஜெல்லில் இருப்பதும் இந்த வகைப் பொருள்தான். அங்கே வெளியிலிருந்து வைக்கிறார்கள், இங்கே உடம்பையே சுரக்க வைக்கிறார்கள். கருப்பை வாய் இறுக மூடியிருந்தால் விரல் நுழையாது. அப்போது வாயைச் சுற்றி அழுத்தித் தேய்த்து விடுவதோடு சரி. 1810 வாக்கிலேயே எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் ஹாமில்டன் விவரித்த முறை இது. மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், வார்டில் சேரவும் வேண்டாம். இத்தனை எளிதாக இருப்பதுதான் இதன் பலம். யாரும் யோசிக்காமலே செய்துவிடுவதற்குக் காரணமும் அதுவே.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் திரைக்குப் பின்னால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. இது பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2020இல் வெளிவந்தது. 44 ஆய்வுகள், 6,940 பெண்கள். ஸ்வீப்பிங் செய்யாதவர்களில் 100க்கு 60 பேருக்குத் தானாக வலி வந்தது. செய்தவர்களில் 72 பேருக்கு. மருந்து வைத்தோ டிரிப்ஸ் ஏற்றியோ வலியை வரவழைக்க வேண்டி வந்தவர்கள் 31இலிருந்து 23 ஆகக் குறைந்தார்கள். அதாவது 100 பேருக்குச் செய்தால் 8 பேர் மருந்திலிருந்து தப்புகிறார்கள். மீதி 92 பேரில் பெரும்பாலோருக்கு அது இல்லாமலே வலி வந்திருக்கும். மற்றவர்களுக்குச் செய்தும் மருந்து தேவைப்பட்டது. "ரெண்டு நாள்ல வலி வந்துடும்" என்று யாருக்கும் உறுதி தரும் கணக்கு இது இல்லை.

அந்த 8 பேர் என்ற எண்ணும் கல்லில் செதுக்கியது கிடையாது. சான்றின் உறுதி குறைவு என்று மதிப்பாய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். ஒன்று, ஆய்வுகள் பலவும் சிறியவை. எந்த வாரத்தில் செய்தார்கள், எத்தனை முறை செய்தார்கள் என்பதெல்லாம் ஆளுக்கொரு விதம். இன்னொன்று, சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது போல இதில் மறைத்துச் செய்வது எளிதல்ல. யாருக்குச் செய்தோம் என்பது டாக்டருக்குத் தெரியும், பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிடும். "ஸ்வீப்பிங் செய்திருக்கிறோமே, இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று மருந்தைத் தள்ளிப்போட்டாலே எண்ணிக்கை குறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே இதைப் பரிந்துரைத்திருந்தது. பலன் சிறிதானாலும் பெரிய ஆபத்து எதுவும் ஆய்வுகளில் தென்படவில்லை. தாய்க்கோ குழந்தைக்கோ தொற்றோ கடுமையான பாதிப்போ கூடியதாகத் தெரியவில்லை. வலியும் ரத்தக்கசிவும், பிரசவமாக முற்றாமல் வந்து வந்து போகிற சுருக்கங்களும்தான் இதன் விலை.

நம் ஊரில் இதற்கு ஆசைப்படுகிறவர்கள் சொல்லும் காரணம் வேறு: சிசேரியனைத் தவிர்க்கலாமே. ஆசையில் நியாயம் இருக்கிறது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 44.9 சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. இந்தப் பயத்தோடு வருகிற பெண்ணிடம் "கிளறி விட்டா நார்மல் ஆகிடும்" என்று சொல்வது எளிது. ஆனால் அதே காக்ரேன் மதிப்பாய்வில், ஸ்வீப்பிங் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சிசேரியன் விகிதத்தில் தெளிவான வேறுபாடு இல்லை. வலி தொடங்குவது ஒன்று, பிரசவம் எப்படி முடிகிறது என்பது இன்னொன்று. 63.8 என்ற எண்ணை ஒரு விரலால் குறைக்க முடியாது. அதற்கு இரவுப் பணியில் போதிய டாக்டர்களும், பொறுத்துப் பார்க்கிற மனமும், பில் போடுகிற முறையில் மாற்றமும் வேண்டும்.

மருந்தால் வலி வரவழைப்பதைத் தவிர்த்தாலே நன்மைதானா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2018இல் வெளியான அரைவ் ஆய்வில், ஆபத்து ஏதும் இல்லாத முதல் பிரசவக்காரர்களில் ஒரு பாதிக்கு 39ஆவது வாரத்திலேயே மருந்து கொடுத்தார்கள், மறுபாதியினர் காத்திருந்தார்கள். சிசேரியன் ஆனது மருந்து கொடுத்த பிரிவில் 18.6 சதவீதம், காத்திருந்த பிரிவில் 22.2 சதவீதம். "வலி ஊசி போட்டாலே ஆபரேஷன்தான்" என்று நம் வீடுகளில் சொல்லிவைத்திருக்கும் கணக்கோடு இது பொருந்தவில்லை. அங்கிருந்த கவனிப்பு எல்லா ஊரிலும் கிடைக்காது என்பது சரி. ஆனாலும் மருந்தைப் பூதமாகக் காட்டி ஸ்வீப்பிங்கை விற்பது நேர்மையில்லை. மருந்து வேண்டாம் என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன: மணிக்கணக்கில் டிரிப்ஸோடு படுத்துக் கிடக்க வேண்டாம், வயிற்றில் பெல்ட் கட்டி இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், வலி மெல்ல ஏறும்போது வீட்டில் நடமாடலாம், பசித்தால் சாப்பிடலாம். இவற்றைப் பெரிதாக நினைக்கிற பெண்ணுக்கு ஸ்வீப்பிங் பயன்படும். "எப்படியோ சீக்கிரம் முடிந்தால் சரி, மருந்தே கொடுங்கள்" என்பவருக்கு இதில் பெரிய லாபமில்லை.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. சுவீடனில் 41 வாரத்தில் மருந்து கொடுப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வில், காத்திருந்த பிரிவில் 6 குழந்தைகள் இறந்தன, மருந்து கொடுத்த பிரிவில் ஒன்றுகூட இல்லை. 2,760 பெண்கள் சேர்ந்திருந்த நிலையில் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2019இல் முடிவு வெளியானது. ஆகவே 41ஐ நெருங்கும்போது ஸ்வீப்பிங்குக்கு ஒரு பொருள் இருக்கிறது. அடுத்த வாரம் எப்படியும் மருந்து என்ற நிலையில், அதற்கு முன் உடம்புக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். நெதர்லாந்தில் 2006இல் வெளியான ஆய்வில் 41 வாரம் கடந்தவர்களுக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்வீப்பிங் செய்தபோது, 42 வாரத்தைத் தாண்டியவர்கள் 41 சதவீதத்திலிருந்து 23 ஆகக் குறைந்தார்கள். இந்த ஆய்வுகளிலேயே எடுப்பான பலன் அதுதான். ஆனால் 42 வரை பொறுத்திருக்கிற மருத்துவமனையை நம் ஊரில் தேடத்தான் வேண்டும். தேதி வந்ததுமே பெட்டியோடு வரச் சொல்கிற இடத்தில் அந்தப் பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

தேதி என்றதும் இன்னொரு சிக்கல். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 நவம்பரில் தந்த வழிகாட்டுதல் 39 வாரம் முடிந்த பிறகுதான் ஸ்வீப்பிங் பற்றிப் பேசச் சொல்கிறது. எந்த 39? கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளைத் தோராயமாகச் சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஸ்கேன் தாளில் மாதவிலக்குக் கணக்குப்படி ஒரு தேதியும் குழந்தையின் அளவுப்படி இன்னொரு தேதியும் இருக்கும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் நம்பத் தகுந்தது. எட்டாம் மாத ஸ்கேனில் வந்த தேதியை வைத்துக் கிளறினால் 37 வாரக் குழந்தையை அவசரப்படுத்தியதாகவும் முடியலாம். (அமாவாசைக்குள் பிறக்க வேண்டும், அஷ்டமி ஆகாது என்று கேட்டுவரும் உறவினர்களுக்கு ஒரு தகவல்: ஸ்வீப்பிங் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.)

இனி இந்த நடைமுறையின் பெரிய குறைக்கு வருகிறேன். ஆய்வு எண்களில் அது அகப்படாது. உள்பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட பெண் ஸ்வீப்பிங்குக்கும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் அது. முதலாவது, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு. இரண்டாவது, பிரசவத்தைத் தொடங்கி வைப்பதற்கு. இரண்டுக்கும் கை ஒன்றே என்பதால் செயலும் ஒன்றாகிவிடாது. நோயறியும் சோதனைக்குத் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க வேண்டிய, தள்ளிப்போட முடியாத அவசரம் மட்டுமே விதிவிலக்கு. அந்த வழக்கு ஓர் அறுவை சிகிச்சை பற்றியது. ஆனால் அதே அளவுகோலை இங்கே வைத்தால், கேட்காமல் செய்கிற ஸ்வீப்பிங் தேறாது. இதில் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாளைக்குச் செய்தாலும் ஆகும், செய்யாமலே விட்டாலும் ஆகும்.

டாக்டர்கள் தரப்பில் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, புறநோயாளிக் கூட்டத்தில் நேரமில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு காலை நேரத்தைப் பார்த்தவர்கள் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் "வலி சீக்கிரம் வர உறையை விலக்கி விடட்டுமா? கொஞ்சம் வலிக்கும், ரத்தம் படும், வேண்டாம்னா விட்டுடலாம்" என்று கேட்க ஆகும் நேரம், கையுறை மாட்டும் நேரத்தைவிட அதிகமில்லை. மற்றது, முன்கூட்டிச் சொன்னால் பயந்து உடம்பை இறுக்கிக்கொள்வார்கள் என்பது. நான் சொன்ன அதே நெதர்லாந்து ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் தெரிந்து சம்மதித்தவர்கள். ஸ்வீப்பிங் செய்துகொண்டவர்களில் 51 சதவீதம் பேர் ஓரளவு வலித்தது என்றார்கள், 17 சதவீதம் பேர் நன்றாகவே வலித்தது என்றார்கள். ஆனாலும் 88 சதவீதம் பேர் அடுத்த பிரசவத்திலும் இதையே கேட்போம் என்றார்கள். சொல்லிச் செய்தால் பெண்கள் ஓடிவிடுவதில்லை. சொல்லாமல் செய்தால்தான், அடுத்த முறை அந்த மேசையில் ஏறவே உடம்பு நடுங்குகிறது.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், பனிக்குடம் உடைந்துவிட்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், சிசேரியன்தான் என்று முடிவானவர்கள் ஆகியோருக்கு இது கிடையாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள் தங்கள் டாக்டரோடு தனியாகப் பேச வேண்டும். ரத்தக்கொதிப்பு ஏறினாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஸ்வீப்பிங் செய்து வீட்டுக்கு அனுப்புவது தவறு. அங்கே உடனடிக் கவனிப்புத்தான் தேவை. செய்துகொண்ட பிறகு கோழை கலந்த கொஞ்சம் ரத்தமும் மாதவிலக்கு போன்ற இழுப்பும் ஒரு நாளில் அடங்கும். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து அது சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கும் பாட்டிமார்கள் பார்க்கட்டும். ஆனால் ரத்தம் பேடை நனைத்தாலோ, நீர் போனாலோ, குழந்தை துடிப்பது குறைந்தாலோ கஷாயத்துக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

என் தீர்ப்பு இது. முதல் மூன்று மாத ஸ்கேன்படி 40 வாரம் கடந்து, மருந்து கொடுக்கும் நாளும் குறித்தாகிவிட்டால், ஸ்வீப்பிங் கேட்டுச் செய்துகொள்ளத் தகுந்தது. 39ஆவது வாரத்தில், தாயும் சேயும் நலமாக இருக்கையில், வேண்டாம் என்று சொன்னால் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டில் எதுவானாலும், மேசையில் ஏறுவதற்கு முன்பே, உடை கலையாமல் உட்கார்ந்திருக்கும்போது பேசி முடித்துவிடுங்கள்: "இன்னைக்கு வெறும் பரிசோதனைதானா, வேற ஏதாவது செய்யப் போறீங்களா மேடம்? நான் சரின்னு சொன்னா மட்டும் செய்யுங்க." கூட வருகிற அம்மாவோ கணவரோ மாமியாரோ இந்தக் கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று தடுக்க வேண்டாம். சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் எல்லாம் குறிக்கிற கர்ப்பிணி அட்டையில், ஸ்வீப்பிங்குக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள், கேட்கப்பட்டதா, அவர் என்ன சொன்னார் என்று அதில் எழுதட்டும்.