பதற்றத் தலைமுறையும் ஒற்றைக் காரணமும்

அமெரிக்கச் சமூக உளவியலாளர் ஜானதன் ஹைட் 2024இல் வெளியிட்ட 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' என்னும் நூல் இளையோரிடையே பணிபுரிவோர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. 2010க்கும் 2015க்கும் இடையே ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும் பிள்ளைப் பருவத்தையே மாற்றியமைத்தன. பதற்றமும் மனச்சோர்வும் பெருகியது அதனாலேயே என்பது அதன் மையக் கருத்து.

நண்பரோடு நேரில் கூடும் நேரம் குறைதல், உறக்கம் கெடுதல், கவனம் சிதறுதல், அடிமைப்படுதல் என நான்கு கேடுகளை ஐந்தாம் இயல் விளக்குகிறது. பெண்பிள்ளைகளைப் பற்றிய ஆறாம் இயல் இன்னும் கூர்மையானது. செப்பனிட்ட பிறர் படங்களோடு தன் முகத்தை ஒப்பிடும் சிறுமி, தன் படத்தை எத்தனை பேர் விரும்பினர் என எண்ணிவிட்டே உறங்கச் செல்கிறாள். தோழியர் தன்னை விலக்கிக் கூடியதையும் அங்கேயே காண்கிறாள். முன்னெல்லாம் விலக்கப்பட்டவள் அதை அறியாதிருக்கவாவது வழியிருந்தது.

ஆயினும் காரணத்தை நிறுவும் இடத்தில் நூல் தன் சான்றுகளைக் கடந்து செல்லுகிறது. உடன்நிகழ்வதைக் காரணமெனக் கொள்ளலாகாது என்று உளவியலாளர் கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் அதே ஆண்டில் 'நேச்சர்' இதழில் மறுத்தார். முன்பே மனம் நொந்த இளையோர் இத்தளங்களை மிகுதியாக நாடுவதும் உண்டன்றோ? ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019இல் 3,50,000க்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளை ஆராய்ந்தனர். அவர்தம் நலவாழ்வில் காணும் வேறுபாட்டில் மின்னணுக் கருவிப் பயன்பாட்டோடு தொடர்புடையது 0.4 விழுக்காட்டிற்கு மேற்படவில்லை. தொலைக்காட்சி முதலியவற்றையும் சேர்த்துச் சராசரி கண்டதால் பெண்பிள்ளைகளுக்கு நேரும் கேடு மறைந்துபோயிற்று என்பது ஹைட்டின் மறுமொழி. அது தள்ளத்தக்கதன்று, ஆனால் ஒரு தலைமுறையின் நோய் முழுவதையும் அதன்மேல் ஏற்றுவதற்கு அது போதாது.

இவ்வழக்கு அறிஞரோடு நின்றுவிடவில்லை. பதினாறு வயதிற்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நமக்கோ இது ஆலோசனை அறையில் எழும் கேள்வி. உறங்காத, உண்ணாத மகளை அழைத்துவரும் தாய், "எல்லாம் இந்தப் போனால் வந்தது, ஐயரே" என்கிறாள். இந்நூலை மட்டும் படித்த ஆயர் உடனே தலையசைப்பார். வீட்டுச் சண்டையோ, தேர்வு அச்சமோ, வெளியில் சொல்லவியலாத தீங்கோ கேட்கப்படாமலே போகும். போனைப் பறித்துவிட்டால், அவள் துயரை அறிந்த ஒரே தோழியின் தொடர்பும் அற்றுப்போகலாம்.

எட்டாம் இயல் நம்மவரை எளிதில் கவரும். தம்மை நாத்திகர் என்று கூறிக்கொள்ளும் ஹைட், அதில் மௌனத்தையும் கூடிச் செய்யும் சமயச் சடங்கையும் மன்னிப்பையும் பரிந்துரைக்கிறார். அவற்றை மனநலத்திற்குப் பயன்படுவன என்ற அளவிலேயே அவர் மதிக்கிறார் என்பதைப் பிரசங்கத்தில் எடுத்தாள விரைவோர் நோக்குக. நூலில் சான்று மிகக் குறைந்த பகுதியும் அதுவேயென எமக்குத் தோன்றுகிறது. ஐந்தாம், ஆறாம் இயல்களை மாணவர் தவறாது படிக்கவேண்டும், ஓட்ஜர்ஸின் மதிப்புரையை அருகில் வைத்துக்கொண்டு.