அடங்கலில் யார் பெயர்?

சம்பா அறுவடை சமயத்தில் திருவாரூர்ப் பக்கம் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். தார்ப்பாய் போர்த்திய நெல் அம்பாரத்துக்குப் பக்கத்தில், பனியில் இரவெல்லாம் காவல் கிடந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே சிட்டா, சாகுபடிக் கணக்கான அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். சிட்டாவில் உள்ள பெயர் பல நேரம் அவருடையது இல்லை. நிலத்துக்காரர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். நாற்று விட்டது, நடவுக்கு ஆள் பிடித்தது, யூரியாவுக்கு அலைந்தது எல்லாம் இவர். காகிதத்தில் விவசாயி என்னவோ அவர்தான்.

குத்தகைதாரரையும் கூலியாளையும் காக்க 1952 முதல் சட்டத்துக்கு மேல் சட்டமாகப் போட்ட பழைய தஞ்சாவூர் ஜில்லா இது. இந்தியாவில் நிலச் சட்டங்களுக்கு இவ்வளவு நீண்ட சோதனைக்களம் அதிகம் கிடையாது. அதனால் தஞ்சாவூரில் தேறியது எது, தோற்றது எது என்று கணக்குப் பார்ப்பது வெறும் உள்ளூர்க் கதை ஆகாது.

முதலில் 1952. தேர்தலில் தஞ்சை ஜில்லாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிய பலத்தைக் கண்ட ராஜாஜி அரசு, அந்த ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு அது சட்டமாயிற்று. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்த மிராசுதார்களை அது கட்டுப்படுத்தியது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடி செய்பவருக்கு, ஐந்தாண்டுக்குக் குத்தகை உறுதி, பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக்கூடாது என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்ணையாள் என்ற பெயருக்குப் பாதுகாப்பு வந்ததும் மிராசுதார்கள் அந்தப் பெயரையே ஒழித்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கிடந்தவன் அன்றாடக் கூலியானான். அடிமைத்தளை அறுந்தது, அதோடு வருஷம் முழுக்க வேலை என்ற பிடிமானமும் அறுந்தது. 1951-52இல் தஞ்சைக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, 1976இல் திரும்பி வந்து பார்த்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் பதிவு செய்த மாற்றங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து நில உச்சவரம்பு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆனது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உபரியைக் கணக்குக் காட்ட வேண்டியவரே உபரி வைத்திருந்தவர். மருமகன், காரியக்காரர், ஏன் மாட்டுக்காரன் பெயரில்கூட நிலம் மாறியது. கோயில் நிலத்துக்கு விலக்கு இருந்தது. பினாமி என்ற பார்சிச் சொல் காவிரிக்கரையில் குழந்தைக்கும் தெரிந்த தமிழ்ச் சொல் ஆனதற்கு இந்தச் சட்டத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

குத்தகைச் சட்டங்களை அப்படித் தள்ளிவிட முடியாது. 1955இல் வெளியேற்றத்துக்குத் தடை வந்தது. 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்து, நஞ்சைக்கு விளைச்சலில் 40 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. அது பின்னால் 25 விழுக்காடாகக் குறைந்தது. பாதிக்கு மேல் அளந்து பழகிய குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. குத்தகையில் பேர் பதிந்தவர்கள் மெல்ல நிமிர்ந்தார்கள்; நிலத்தை விற்க நினைத்த மிராசுதார் அவர்களிடமே வந்து விலை பேச வேண்டியிருந்தது.

சிக்கல் ‘பேர் பதிந்தவர்கள்’ என்ற இடத்தில் இருக்கிறது. ஜப்பான் நிலச்சீர்திருத்தத்தில் பங்கு பெற்ற வுல்ஃப் லடெஜின்ஸ்கி, இந்தியாவின் தீவிர வேளாண்மை மாவட்டங்களில் குத்தகை நிலைமையைப் பார்த்து 1965இல் அறிக்கை எழுதினார். தஞ்சாவூரும் அதில் உண்டு. குத்தகைதாரர் ஏராளம், அவர்களைக் காட்டும் பதிவேடு இல்லை என்பதே அவர் கண்டது. 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. ஆனால் விண்ணப்பித்து, நிரூபித்து, மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டியவர் சாகுபடிக்காரர். ரசீது கொடுக்காமலே நெல் அளந்து வாங்கிக்கொண்டவரிடமிருந்து அவர் எந்த ஆதாரத்தை வாங்கிக் காட்டுவார்? அடங்கல் எழுதியவர் ஊர்க் கணக்கரான கர்ணம். பரம்பரைப் பதவி, பல ஊர்களில் மிராசுதாருக்கு உறவு, அல்லது அவர் திண்ணையில் உட்காருபவர். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது பதிவேடு எழுத வேண்டிய காலம் தாண்டிவிட்டிருந்தது.

இப்போது நான்காவது, குடியிருப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலித் தகராறில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது: விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம். சில சென்ட் நிலம், அவ்வளவுதான். கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை, ஒரு ஆட்டுக்கொட்டில் கொள்ளும். ஆனால் அதற்கு முன் அந்த மனை மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால், கொடி ஏற்றினால், ‘குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ’ என்ற ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். 1971க்குப் பிறகு அந்த வார்த்தைக்கு வலு போனது. கீழத்தஞ்சையில் கூலிப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவன், வீடு திரும்பினால் வீடு இருக்கும் என்ற நிச்சயத்தோடு உட்கார்ந்தான்.

ஏன் இது தேறியது? நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை என்பது என் கணிப்பு. குடிசை அங்கேயே நிற்கிறது, அடுப்பு எரிகிறது, ஊரே பார்க்கிறது. கர்ணத்தின் பேனா எழுதாவிட்டாலும் சுவர் சாட்சி சொல்லும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. பலமான மறுப்புகள்தான். ஒன்று, சட்டம் என்ன செய்தது, செங்கொடிச் சங்கம் செய்தது என்பது. பி. சீனிவாச ராவும் மணலி கந்தசாமியும் கட்டிய சங்கம் இல்லாவிட்டால் இந்தச் சட்டம் எதுவும் பிறந்திருக்காது, மறுக்க முடியாது. ஆனால் அதே சங்கம் அதே ஊர்களில் உச்சவரம்புக்காகவும் போராடியது, சிறைக்கும் போனது. அங்கே கிடைத்தது சொற்பம். சங்கம் மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி அல்லவா முடிந்திருக்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: மனைக்கட்டு மிராசுதாருக்குப் பெரிய நஷ்டம் இல்லை, அதனால் விட்டுக்கொடுத்தார். பாதி உண்மை. ஆனால் நியாயக் குத்தகை அவருக்குப் பெரிய நஷ்டம். பதிவு இருந்த இடத்தில் அதுவும் செல்லுபடியானது. நஷ்டத்தின் அளவு வேகத்தைத் தீர்மானிக்கலாம். நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

வெளியூர் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஜப்பானில் 1946 சீர்திருத்தத்தை நடத்திய கிராம நிலக் குழுக்களில் பத்துக்கு ஐந்து இடம் குத்தகைதாரருக்கு, நிலக்கிழாருக்கு மூன்று. அமெரிக்கப் படை கூடவே நின்றது என்பதையும் மறந்துவிடக்கூடாது. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவில் அதிகாரிகள் மாலை நேரத்தில் கிராமத்துக்கே போய், ஊர் நடுவில் உட்கார்ந்து பேர் எழுதினார்கள். ஏறக்குறைய 14 லட்சம் பங்குச் சாகுபடிக்காரர்கள் பதிவானார்கள். நம் 1969 சட்டத்தில் இருந்த வாசகங்களுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. தூரம் தாலுகா அலுவலகத்துக்கும் களத்துமேட்டுக்கும் இடையே இருந்தது.

குத்தகைச் சட்டத்தின் மீது வைக்க வேண்டிய கடுமையான குற்றச்சாட்டு வேறு. உள்ளே வந்தவருக்கு அது கோட்டை. பின்னால் வந்தவருக்குச் சாத்திய கதவு. ‘எழுதிக் கொடுத்தால் நிலம் போயிடும்’ என்ற பயம் டெல்டா முழுக்க ஊறிவிட்டது. அதனால் இன்றைய குத்தகை வாய்மொழிக் குத்தகை: வருஷத்துக்கு ஒரு பேச்சு, சில ஊர்களில் பணம் முன்கூட்டியே. வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் இழப்பீடு சிட்டாக்காரர் கணக்குக்குப் போகிறது. பி.எம். கிசான் பணமும் நில உரிமையாளருக்குத்தான்.

இதற்கு மருந்தாக 2016இல் நிதி ஆயோக் ஒரு மாதிரிச் சட்டம் முன்வைத்தது: குத்தகையைத் தாராளமாக விடு, நிலத்துக்காரர் பயத்தைப் போக்கு, அவர் எழுதிக் கொடுப்பார். பயத்தைப் பற்றிய நோய்க்கணிப்பு சரி. ஆனால் குத்தகை அளவை இரு தரப்பும் பேசி முடிக்கட்டும் என்பது, ஒரு தரப்புக்கு ஏரும் கடனும் மட்டுமே இருக்கும் ஊரில் பழைய வாரக் குத்தகைக்கே திரும்பும் வழி. ஆந்திராவில் 2019இல் வந்த பயிர்ச் சாகுபடியாளர் அட்டை உரிமையைத் தொடாமல் பதினொரு மாதத்துக்குச் சாகுபடியை மட்டும் அங்கீகரிக்கிறது. நல்ல யோசனை. ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மறுபடியும் பேனா அதே கையில்.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் இந்தத் தராசில்தான் வைக்க வேண்டும். மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று மன்னார்குடி முதல் நெடுவாசல் வரை மக்கள் தெருவுக்கு வந்து வாங்கிய சட்டம். புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கும் உருக்காலைகளுக்கும் அது போட்ட தடை மதிப்புள்ளது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அது தொடவில்லை. வயலைக் காக்கும் அந்தச் சட்டத்துக்கு அந்த வயலில் நிற்பவர் யார் என்று தெரியாது.

என் தீர்ப்பு இது: உச்சவரம்பு தோல்வி. பண்ணையாள் சட்டம் நல்லெண்ணம், பாதி கேடு. குத்தகைச் சட்டங்கள் ஒரு தலைமுறைக்கு வெற்றி, அடுத்த தலைமுறைக்கு இடைஞ்சல். குடியிருப்புச் சட்டம், அளவில் மிகச் சிறியது, எல்லாவற்றிலும் தேறியது. இனி ஒரு சட்டம் வருமானால் அது அடங்கலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் சாகுபடி செய்பவர் பெயருக்கு ஒரு கட்டம் ஏற்கெனவே உண்டு. குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் நாற்று ஊன்றிய பதினைந்தாம் நாள், கிராம நிர்வாக அலுவலர் வயல் வரப்பில் நின்று எழுதி, கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும். எதிர்ப்பு இருந்தால் நிலத்துக்காரர் வந்து நிரூபிக்கட்டும். இவ்வளவு காலம் மற்றவர் நிரூபித்தாயிற்று. அந்தப் பெயர் குத்தகை உரிமை ஆகாது, அந்தப் போகத்துக்கு மட்டும் என்று சட்டமே சொல்லிவிடட்டும். கடன், காப்பீடு, இழப்பீடு, நெல் பணம் நான்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்தே போகட்டும்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டாகிவிட்டது. பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போகும். இவர் போனை எடுத்து, “அண்ணே, நெல்லு ஏத்தியாச்சுங்க, காசு விழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்கிறார்.